தொட்டுப் பார்க்கிற கணக்கு

இந்த ஊரில் தேங்காய் எண்ணெய் உறைந்துபோகிறது. கார்த்திகை பிறந்துவிட்டால் காலையில் குப்பியைக் கவிழ்த்தாலும் ஒரு சொட்டு விழாது; ஈர்க்குச்சியால் சுரண்டித்தான் தலையில் தடவ வேண்டும். தூத்துக்குடியில் பிறந்து வளர்ந்த எனக்கு இது இன்னும் பழகவில்லை. "குளுகுளுவென்று இருக்கிறாய், கொடுத்து வைத்தவள்" என்று அக்கா எழுதுகிறாள். அவளுக்கு என்ன தெரியும்? இந்தக் குளிர் ஊரிலும் எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை கொதிக்கிறது. ஊரில் இருப்பவர்களும், என்னைப்போல் பிழைப்புக்காக வேற்றூரில் வந்து விழுந்தவர்களும் ஏன் என்று தெரிந்துகொள்ளட்டும்.

நான் இருப்பது ஓசூரைத் தாண்டி, மைசூர் எல்லையை ஒட்டிய பாகலூர்ப் பக்கம். சேலம் ஜில்லாவின் கோடி. இங்கே ஒரு வீட்டில் தமிழில் அழைத்தால் தெலுங்கில் பதில் வரும், பக்கத்து வீட்டிலிருந்து கன்னடத்தில் யாராவது சிரிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் என் பெயர் தெற்கத்தி டீச்சர். இரண்டாம் வகுப்பு என்னுடையது. அதில் முனிரத்னா என்று ஒரு பெண். வயது பதினொன்று ஆகியும் இரண்டாம் வகுப்பைத் தாண்டவில்லை. மூன்று மொழியில் எதில் சொன்னாலும் அவளுக்கு மெதுவாகத்தான் ஏறும். ஏறியதிலும் பாதி மறுநாள் காலையில் இறங்கியிருக்கும். "அதுக்குப் புத்தி மட்டு டீச்சரம்மா, சும்மா கெடக்கட்டும் உடுங்க" என்றார் தலைமையாசிரியர் ராமப்பா, நான் சேர்ந்த முதல் வாரத்திலேயே.

ராமப்பா கெட்டவர் இல்லை. அதுதான் என் எரிச்சல். கெட்டவராக இருந்தால் சண்டை போடலாம். அவர் வாரக் கணக்குத் தாளைக் கார்பன் வைத்து எழுதித் தருவார்; எறும்பு ஊர்ந்தது போல ஒரே தாளில் பத்துக் கணக்கு. முனிரத்னா அதை வாங்கி நான்காக மடித்துப் பாவாடையில் செருகிக்கொள்வாள். அவளைப் பொறுத்தவரை அது மடிக்க வேண்டிய பொருள். முழுப்பரீட்சையில் இந்த முறையும் ஒரு கணக்காவது வராவிட்டால் பெயரை அடித்துவிடுவதாக அவர் சொல்லியிருந்தார்.

அதனால் அந்தத் தாளை அவளுக்காக உடைத்தேன். சந்தையில் ஜவுளிக்கடை வைத்திருக்கும் காதர் பாயிடம் புடவைக்குள் வரும் அட்டைகளைக் கேட்டு வாங்கினேன். ஓர் அட்டைக்கு ஒரே ஒரு கணக்கு. முதலில் வள்ளமும் மீனும் வரைந்துகொண்டு போனேன். அவள் வள்ளத்தைத் தலைகீழாகப் பிடித்து, "முறமா டீச்சர்?" என்று கேட்டாள். கடலையே காணாத பிள்ளையிடம் கடலைக் காட்டியிருக்கிறேன்! அப்புறம் மொச்சைக்கொட்டையை ஊறவைத்து, ஊசியால் அட்டையோடு சேர்த்துத் தைத்துக் காயவைத்தேன். மொச்சை இங்கே எல்லா வீட்டுக் குழம்பிலும் இருப்பது. அவள் ஒவ்வொரு கொட்டையாகத் தொட்டு, வாயால் எண்ணி, மறந்து, மறுபடி தொட்டாள். இரண்டும் இரண்டும் நாலு என்பது தை மாதம் வந்தது. வந்தது திரும்பிப் போகவும் இல்லை.

ஊரில் சித்தி மகன் ஆறுமுகத்தை நினைத்துக்கொள்வேன். அவனும் இப்படித்தான். ஒன்றாம் வகுப்போடு உப்பளத்துக்கு அனுப்பினார்கள். "அவனுக்கு அது போதும்ட்டி" என்றாள் சித்தி. கண் கூசும் வெயிலில் நாளெல்லாம் உப்பை வாரிக்கொண்டு, யாரைப் பார்த்தாலும் சிரித்துக்கொண்டு நின்றான். ஊர் விட்டு ஊர் வந்தால் இந்தப் "போதும்" என்ற சொல்லைக் கேட்காமல் இருக்கலாம் என்று நினைத்தேனே, என்னைச் சொல்ல வேண்டும்.

மாசியில் இன்ஸ்பெக்டர் வந்தார். அந்த நாளில் தேறாத பிள்ளைகளை மாடு பார்க்க ஏரிக்கரைக்கு அனுப்பிவிடுவது இங்கே வழக்கம். நான் முனிரத்னாவை அனுப்பவில்லை. முன்வரிசையில் உட்கார வைத்தேன். இன்ஸ்பெக்டர் குனிந்து பார்த்தார். அவளை அல்ல, அட்டைகளை.

"இது யார் செஞ்சது? பிரமாதம்!"

"இந்தப் பிள்ளைக்காகச் செய்தது சார். இவளுக்குத் தாளில் எழுதினால் ஏறாது."

"ஆமாமா, எல்லாப் பிள்ளைக்கும் உபயோகமாகும். சேலத்தில் கல்விக் கண்காட்சி இருக்கு, எடுத்து வைங்க" என்றவர், அவள் கையில் இருந்ததையும் சேர்த்து வாங்கிப் பியூனிடம் கொடுத்துவிட்டார். "நம்ம பள்ளிக்கூடத்துக்குப் பேரு வந்துட்டுதும்மா" என்று ராமப்பா பூரித்துப்போனார்.

புது அட்டைகள் தைத்தேன். அவள் தள்ளிவிட்டாள். அவள் கை அழுக்கு ஏறிய அட்டைகள்தான் அவளுக்குக் கணக்கு. மற்றதெல்லாம் வேறு யாருடையதோ. ஒரு வாரம் பார்த்துவிட்டு அவள் அப்பா வெங்கடசாமி வந்தார். "பட்டுப்பூச்சிக்குத் தழை கிள்ளட்டும் டீச்சரம்மா. இங்க குந்திகினு அழுவறத உட, அதுக்கு அந்த வேல போதும்." மறுபடியும் அதே சொல்.

சனிக்கிழமை பஸ் பிடித்துச் சேலம் போனேன். பந்தலில், பச்சைத் துணி விரித்த பலகையில், முனிரத்னாவின் அட்டைகளை ஆணி அடித்து மாட்டியிருந்தார்கள். கீழே ராமப்பாவின் பெயர். அதற்கும் கீழே கொட்டை எழுத்தில்: தொடாதீர்கள்.

எனக்கு வந்த கோபத்தை எழுத்தில் வைக்கத் தெரியவில்லை. தொட்டால்தான் கணக்கு, ஐயா! ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் பைக்குள் போட்டேன். காவலுக்கு நின்ற ஆள் ஓடிவந்து, "என்னம்மா பண்றீங்க? யாரைக் கேட்டு எடுக்கறீங்க?" என்று கத்தினார். "இதுக்குச் சொந்தக்காரிக்குப் பதினொரு வயசு. அவகிட்ட யாரு கேட்டா?" என்று நானும் கத்திவிட்டு வெளியே வந்தேன்.

திங்கட்கிழமை வெங்கடசாமி வீட்டுக்குப் போய் அட்டைகளைக் காட்டினேன். முனிரத்னா மல்பெரித் தழையைப் போட்டுவிட்டு என் கூடவே நடந்து வந்தாள். வகுப்பில் நாலைத் தொட்டாள். ஐந்து கொட்டை தைத்த அட்டையைத் தானாகவே எடுத்தாள்.

அப்போதுதான் ராமப்பா என்னை வாசலுக்குக் கூப்பிட்டார். முகம் வெளுத்திருந்தது.

"மேல ரிப்போர்ட்டு போயிருக்குது டீச்சரம்மா. மன்னிப்பு எழுதிக் குடுத்து அட்டையத் திருப்பி அனுப்பிடுங்க. இல்லாட்டி உங்கள உங்க ஊருக்கே தூக்கிப் போட்டுடுவாங்கோ."

வந்த நாள் முதல் அந்த ஊருக்குத்தான் மாற்றல் கேட்டு எழுதிக்கொண்டிருக்கிறேன். அக்காவும் அம்மாவும் கோயில் கோயிலாக வேண்டுவதும் அதற்குத்தான். நான் கெஞ்சியபோது தராத ஊரை இப்போது தண்டனை என்று நீட்டுகிறார்கள். எனக்கும் அது தண்டனையாகவே பட்டது. அப்படிப் பட்டதே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது. அம்மா, இதைப் படித்தால் நீ வருத்தப்படுவாய்; படு.

"அனுப்ப மாட்டேன்" என்றேன். அதற்குள் முனிரத்னா பின்னால் வந்து, என் முந்தானையைப் பிடித்து இழுத்து, "டீச்சர், அஞ்சு" என்றாள்.