தாய்வீட்டிலிருந்து கழற்றிய பம்ப்

விமானத் தளத்தின் உதிரிபாகக் கிடங்கில் அவளுக்கு 'மஞ்சள் அக்கா' என்று பெயர். எந்தப் பாகம் கைக்கு வந்தாலும் முதலில் மஞ்சள் சீட்டைக் கட்டிவிடுவாள். மஞ்சள் என்றால் சோதிக்க வேண்டும், பச்சை என்றால் பொருத்தலாம். அவளிடம் பச்சை வாங்குவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும் என்று மெக்கானிக்குகள் புலம்புவார்கள்.

அந்தத் தளத்தில் இருந்தவை எதிரி ரேடாரின் கண்ணில் மண்ணைத் தூவும் விமானங்கள். மொத்தமே நான்கு. பாகங்களைச் செய்த கம்பெனி எப்போதோ கடையைக் கட்டிவிட்டது. அதனால் நான்காம் நம்பரைப் பறக்கவிடாமல் கொட்டகையில் நிறுத்தி, அதிலிருந்து கழற்றி மற்ற மூன்றுக்கும் மாட்டினார்கள். அதற்குத் 'தாய்வீடு' என்று பெயர். எது குறைந்தாலும் அங்கே போய்த்தானே வாங்கிவர வேண்டும்!

அக்காவுக்கென்று ஒரு தாய்வீடு இல்லை. பெற்றவர்கள் போனபோது அவளுக்கு இருபது, தம்பிக்கு ஒன்பது. கல்யாணப் பேச்சு வரும்போதெல்லாம் தம்பி படிக்கட்டும் என்று தள்ளிப்போட்டாள். பிறகு பேச்சே வரவில்லை. தம்பி படித்து, அதே விமானங்களில் பின்னிருக்கையில் உட்கார்ந்து ரேடாரைக் குழப்பும் வேலைக்கு வந்து சேர்ந்தான். பெருமையும் பயமுமாக அவளுக்கு நாட்கள் ஓடின.

அன்று காலை தம்பி போகவேண்டிய முதலாம் நம்பரில் குளிரூட்டும் பம்ப் பழுது. தாய்வீட்டிலிருந்து ஒன்றைக் கழற்றிக்கொண்டு பொறியாளரே வந்துவிட்டார்.

"நல்லா ஓடிட்டிருந்த பம்ப்தாம்மா. பச்சை கட்டிக் குடு."

"ரெண்டு வருஷமா சும்மா கிடந்தது சார். ஆறு மணி நேரம் பெஞ்சுல ஓடட்டும்."

"உன் தம்பிதாம்மா போறான். நேரமாகுது."

"அதனாலதான் சார்."

மற்றவர்களுக்காக இரண்டொரு முறை அவள் மனம் இளகியதும் உண்டு. அன்று இளகவில்லை. பம்ப் அடுத்த அறையில் சோதனை மேசைக்குப் போனது. தம்பியின் குழுவை மூன்றாம் நம்பருக்கு மாற்றினார்கள்.

போகிற போக்கில் தம்பி ஜன்னலில் எட்டிப் பார்த்தான். "உன் சீட்டால என் சீட் போச்சுக்கா."

"மூணாம் நம்பர் தங்கமான விமானம்டா. போய்ட்டு வா."

அவன் சிரித்துக்கொண்டே போனான். அவளும் நிம்மதியாக வேலையைப் பார்த்தாள்.

பகல் ஒரு மணிக்குச் செய்தி வந்தது. திரும்பும் வழியில் மூன்றாம் நம்பரின் இரண்டு என்ஜினிலும் பறவைக் கூட்டம் புகுந்துவிட்டது. விமானம் கடலில் விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. விமானத்தில் ஒரு கோளாறும் இல்லை, பாகத்தின் மேல் பழியும் இல்லை.

வீட்டுக்குப் போகச் சொன்னார்கள். அவள் அசையவில்லை. பக்கத்து அறையில் பம்ப் ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்த ஒருவருக்கும் கை வரவில்லை. மூன்று மணிக்கு, ஆறு மணி நேரமும் முடிந்து, அது தானாக நின்றது. சோதனை மெக்கானிக் காகிதத்தோடு வந்து, அவள் முகத்தைப் பார்க்காமல் நின்றான்.

"எப்படி ஓடுச்சு?" என்று அவளே கேட்டாள்.

"ஒரு குறையும் இல்லக்கா."

பச்சைச் சீட்டை எடுத்தாள். தேதி எழுதினாள். கையெழுத்து மட்டும் வரவில்லை. வயிற்றிலிருந்து எழுந்த அழுகை அப்போதுதான் வெளியே வந்தது. அப்படி ஒரு அழுகையை அந்தக் கிடங்கு கேட்டதில்லை.

பொறியாளர் ஓடிவந்தார். "நீ செஞ்சது சரிதாம்மா. யாரைக் கேட்டாலும் சரின்னுதான் சொல்லுவாங்க" என்றார்.

அக்கா அவர் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"தப்புன்னு சொல்லுங்க சார். ஒரே ஒரு தடவை தப்புன்னு சொல்லித் திட்டுங்க."