டோக்குன்போ ஃபில்டர்

எங்கள் வளவில் அவரை யாரும் ஒயேலரன் என்று கூப்பிடுவதில்லை. பாபா டோக்குன்போ என்றால்தான் தெரியும். எங்கள் இபாதான் நகரத்துத் தபால் நிலையத்தில் முப்பது வருஷம் கடிதம் பிரித்துப் போட்டு ஓய்வு பெற்றவர். டோக்குன்போ என்பது கடல் கடந்த ஊரில் பிறந்து வந்த பிள்ளைக்கு வைக்கிற பெயர். கப்பலில் வந்து இறங்குகிற பழைய கார், பழைய ஃபிரிட்ஜ், பழைய செருப்புக்கும் இப்போது அதே பெயர்தான். ஊரே அந்தச் சாமான்களை வாங்குகிறது, நானும் வாங்குகிறேன். கடையில் விற்கிற புதுசு பாதிக்கு மேல் போலி, வேறு வழியில்லை. ஆனால் இந்த மனுஷனுக்கு அது வழி இல்லை, மதம்.

அவர் உடம்பிலும் வீட்டிலும் புதுசு என்று ஒன்று கிடையாது. கைக்குட்டைகூடக் கப்பலில் வந்த பழந்துணி மூட்டையில் எடுத்ததுதான். எவன் மூக்குச் சிந்தியதோ, அதைத் துவைக்காமல் சட்டைப்பையில் வைத்துக்கொள்வார். மெத்தையின் நடுவில் பழுப்பாக ஒரு கறை. அதை வெயிலில் போட்டபோது என்ன கறை என்று கேட்டுவிட்டேன்.

"வெள்ளைக்காரன் படுத்த மெத்தை, தையக்காரம்மா! கறையப் பாரு, இன்னும் சாயம் போகல" என்று சிரித்தார்.

நான் முன்னறையில் தையல் மெஷின் போட்டிருக்கிறவள். அவர் காரை நிறுத்துவது என் ஜன்னலுக்கு நேர் கீழே. அதனால் அந்தக் கண்றாவி முழுவதையும் பார்க்கிற பாக்கியம் எனக்கு.

அவர் மனைவி அபீக்கே அக்காவுக்கு இடது கண் போய்ப் பல வருஷம் ஆகிறது. இருந்த ஒரு வலது கண்ணிலும் புரை விழுந்து, ஆள் நிழலாகத்தான் தெரியும். ஏழு மாதம் நடையாய் நடந்து பெரிய ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஒரு தேதி வாங்கியிருந்தார்கள். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணி. அந்தத் தேதிக்காகவே அக்கா உயிரோடு இருந்தாள் என்று சொன்னாலும் தப்பில்லை.

அந்த வாரம் பார்த்துக் கார் இருமிக்கொண்டு நின்றது. பெட்ரோல் ஃபில்டர் அடைத்திருக்கிறது என்று அவரே கண்டுபிடித்தார். அதுவரை சரி. வியாழக்கிழமை சந்தைக்குப் போய் ஃபில்டர் வாங்கி வந்தார். எந்தக் காரிலோ கழற்றிய ஃபில்டர். டோக்குன்போ ஃபில்டர்!

என் புருஷன் சாகும்வரை டாக்ஸி ஓட்டினவர். எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"பாபா, ஃபில்டர்ங்கிறது அழுக்கைப் பிடிக்கிற சாமான். ஊரான் அழுக்கை எதுக்குக் காசு குடுத்து வாங்கிட்டு வர்றீங்க?"

"புதுசுக்குள்ள வெறும் காகிதம்தான் இருக்கும், கரைஞ்சிரும். இது ஐரோப்பாவுல ஓடுனது. அங்க பெட்ரோலே பால் மாதிரி சுத்தம்."

"அப்ப நாளைக்கு ஒரு நாள் டாக்ஸியில போங்க."

"கார் வச்சிருக்கிறவன் பொண்டாட்டி டாக்ஸியில போவாளா? நீ துணியத் தை."

காரில் இருந்த ஃபில்டரைக் கழற்றிக் கவிழ்த்தார். கறுப்பாக, கொழகொழவென்று, செத்த எலி மாதிரி நாற்றத்துடன் ஏதோ வடிந்தது. அபீக்கே அக்கா குத்துக்காலிட்டு உட்கார்ந்து, ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை ஏந்திக்கொண்டிருந்தாள். அவர் கார் வேலை செய்தால் கிண்ணம் பிடிப்பது அவள்தான், கண் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும். அப்புறம் வாங்கி வந்ததை வாயில் வைத்து ஊதினார். மறுமுனையில் பழுப்புச் சேறு பீச்சியது. "பாத்தியா, அடைப்பே இல்ல!" என்று, உதட்டில் ஒட்டியதைக் காறி, நாங்கள் எல்லோரும் தண்ணீர் பிடிக்கிற குழாயடியில் துப்பினார். அதையே காரில் மாட்டிவிட்டு, அந்தக் கையோடு போய் அமலா என்கிற கிழங்குமாவுக் களியைப் பிசைந்து சாப்பிட்டார். அக்காவுக்கும் ஒரு உருண்டை ஊட்டினார், பாசமாம்.

வெள்ளிக்கிழமை ஐந்தரைக்குக் கிளம்பினார்கள். அக்கா மடிப்புக் கலையாத நீல உடுப்பில், தலைக்கட்டு வைத்து, கல்யாணத்துக்குப் போகிறவள் மாதிரி இருந்தாள். கார் கிளம்பி வாசல் கேட்டு வரை போனது. இரண்டு தரம் குலுங்கி அங்கேயே செத்தது. இறங்கி வந்து பானட்டைத் தூக்கினார்.

"அபீக்கே, கிண்ணத்த எடுத்துட்டு வா."

நான் பல் விளக்கிக்கொண்டே ஜன்னலில் கத்தினேன். "பாபா, இப்பத்தான் ஓடுன வண்டி! குழாய்க்குள்ள பெட்ரோல் முட்டிக்கிட்டு நிக்கும். பம்பு ஃபியூஸப் பிடுங்கிட்டு, எஞ்சினைச் சுத்தவிட்டுட்டு அப்புறம் திறங்க!"

"நேத்தும் இப்படித்தானே திறந்தேன்? உன் புருஷன் மெக்கானிக்கா, நான் மெக்கானிக்கா?"

இரண்டு பேரும் இல்லை. நேற்று அந்தக் கார் ஐந்து நாள் நின்ற கார், குழாயில் அழுத்தமே கிடையாது. அதைச் சொல்ல நான் வாயைக் கொப்பளித்துவிட்டு வருவதற்குள் அவர் ஃபில்டர் குழாயின் கிளிப்பைத் தளர்த்திவிட்டார்.

பெட்ரோல் சீறிக்கொண்டு வந்தது. கிண்ணத்தைச் சரியாகப் பிடிப்பதற்காக அக்கா முகத்தைக் கிட்டே கொண்டுபோயிருந்தாள். பெட்ரோலும் அந்த ஐரோப்பியச் சேறும் நேராக அவள் வலது கண்ணில் அடித்தன. அவள் அலறியதை நான் எழுதப்போவதில்லை. அவர் என்ன செய்தார் தெரியுமா? சட்டைப்பையிலிருந்து அந்தக் கைக்குட்டையை எடுத்துக் கண்ணைத் துடைத்தார். நான் ஓடிப்போய் அதைப் பிடுங்கி எறிந்துவிட்டு, குழாயடியில் கால் மணி நேரம் தண்ணீர் விட்டுக் கழுவினேன். டாக்ஸி பிடித்து நானே கூட்டிப்போனேன். அவர் பின்னால் உட்கார்ந்து, கேட்டில் நிற்கும் காரில் யாராவது பேட்டரியைக் கழற்றிவிடுவார்களோ என்று வழியெல்லாம் புலம்பினார்.

டாக்டர் பெண், சின்ன வயசு. பார்த்துவிட்டு உதட்டைக் கடித்தாள். கருவிழி புண்ணாகிவிட்டது, ஆறினால்தான் ஆபரேஷனைப் பற்றிப் பேச முடியும் என்றாள். ஆறாவிட்டால் என்ன என்று அக்கா கேட்கவில்லை. அடுத்த தேதி எட்டு மாதம் கழித்து.

சாயங்காலம் கொஞ்சம் எவேடு கீரைக் குழம்பு எடுத்துக்கொண்டு அவர்கள் அறைக்குப் போனேன். பெட்ரோல் வீச்சம் இன்னும் போகவில்லை. அவர் கட்டிலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

"நல்லவேளை, டோக்குன்போவா இருந்துச்சு. புது ஃபில்டரா இருந்திருந்தா வெடிச்சு, முகமே போயிருக்கும்" என்றார்.

குழம்புச் சட்டியை அவர் தலையில் கவிழ்த்திருப்பேன். அக்காவுக்காக நிறுத்தினேன். இன்றைக்காவது அவள் வாயைத் திறப்பாள், முப்பத்தைந்து வருஷக் குடித்தனத்துக்கும் சேர்த்து வைத்துக் கேட்பாள் என்று அவளையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

கட்டுப் போட்ட முகத்தை அவர் குரல் வந்த பக்கம் திருப்பினாள்.

"அவரு சொல்றது சரிதான் தங்கச்சி. ஆண்டவன் காப்பாத்துனான்" என்றாள். கட்டிலுக்கு அடியில் கையை விட்டு எதையோ துழாவினாள். "நாளைக்கு வேற ஒண்ணு வாங்கிட்டு வந்து மாட்டுறாராம். அந்தக் கிண்ணம் எங்க கிடக்குன்னு கொஞ்சம் பாத்துச் சொல்லேன்."