தகட்டில் நின்ற கால்

நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் போங்கள். கதை விடுகிற ஆள் நான் இல்லை. இது போன ஆவணியில் எனக்கே நடந்தது. பாளையங்கோட்டையில், நான் வேலை பார்க்கும் நரம்புப் பரிசோதனைக் கூடத்தில், பட்டப்பகலில்.

எங்களிடம் ஒரு மிஷின் உண்டு. ஊசி கிடையாது, ரத்தம் எடுப்பது கிடையாது. வெறுங்காலோடு இரண்டு தகடுகளில் ஏறி நின்று, கைகளை வேறு இரண்டில் வைத்தால் போதும். வியர்வையைத் தூண்டும் மெல்லிய நரம்புகள் எப்படி இருக்கின்றன என்று மூன்று நிமிடத்தில் எண்ணாகச் சொல்லிவிடும்.

சீவலப்பேரியிலிருந்து ஆறுமுகத்தாய் வந்தாள். நடவு வேலைக்குப் போகிறவள். புருஷன் கருத்தையா வெளியே உட்கார்ந்திருந்தான்.

"மொளகாப்பொடிய அப்புன மாதிரி காலு எரியுது தம்பி. ஒருத்தரும் நம்ப மாட்டேங்காவ."

பாளம் பாளமாக வெடித்த பாதம். மூன்று முறை ஏற்றியும் எண் வரவில்லை. காலை ஊறவைத்துக் கழுவி மறுபடி பார்த்திருக்க வேண்டும். வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள். எனக்குப் பொறுமை போய்விட்டது. அவளை இறக்கிவிட்டு, செருப்பைக் கழற்றி நானே ஏறி நின்றேன்.

"என்ன தம்பி, நீங்க நிக்கிய?"

"மிஷின் சரியா ஓடுதான்னு பாக்கேன்."

கால் 84. எழுபதைத் தாண்டினால் நரம்பு நன்றாக இருக்கிறது என்று கணக்கு. அவள் பெயரில், 'இயல்பு' என்று அச்சடித்துக் கொடுத்துவிட்டேன்.

கருத்தையா தாளை வாங்கிப் பார்த்தான். "அப்பமே சொன்னேம்லா. வேலைக்குப் போவ மடி. நடிக்கா."

அவள் என் கால்களையே பார்த்துக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் கழித்து, ஒரு செவ்வாய்க்கிழமை. மதியம் 1.42. எல்லோரும் சாப்பிடப் போயிருந்தார்கள்.

டிக்…

மிஷின் தானாக ஓடத் தொடங்கியது. திரையில் ஆறுமுகத்தாய் பெயர்.

தகடுகளில் ஈரம். இரண்டு பாதத் தடங்கள். வெடிப்பு வெடிப்பாக… ஆற்று மணலோடு.

பிளக்கைப் பிடுங்கினேன். நிற்கவில்லை.

திரையில் மீதி நேரம் இறங்கிக்கொண்டே போனது. 0.58… 0.57…



காதருகே, பைய ஒரு குரல்.

"எங்காலுக்குப் பதிலா ஒங்காலத் தானலே வச்ச… அப்ப எங்காலு ஒனக்கு."

1.45. திரை அணைந்தது.

மறுநாள் அவள் அண்ணன் செந்தூர்பாண்டி வந்தான். அந்தத் தாளில் இன்னொரு பிரதி வேண்டுமாம்.

"அவ செத்து பன்னெண்டு நாளாச்சு அண்ணாச்சி. எரிச்சல் பொறுக்காம தெனமும் ஆத்துல போய் நிப்பா. அன்னைக்குக் காலு வழுக்கி உள்ள போயிட்டா. போலீஸ்ல தாளக் கேக்காவ."

அன்று சாயங்காலம் என் கால் எரிய ஆரம்பித்தது. மதுரையில் இரண்டு இடத்தில் இதே பரிசோதனை செய்து பார்த்துவிட்டேன். இரண்டிலும் கால் 84. இயல்பு.

"சும்மா நடிக்காதீய" என்கிறாள் என் மனைவி தனலட்சுமி.

நேற்று வண்ணார்பேட்டையில் ஆற்றுக்குள் இறங்கி நின்றேன். கொஞ்சம் அடங்கியது. இன்றைக்கும் போக வேண்டும்.