அலசியதும் போன சிவப்பு

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஐம்பதுகளில், மருதமுனையில் தறி நூலுக்குச் சாயம் போடுவது என் கணவரின் தொழில். அவர் இடுப்பில் உடுத்தும் சாரனில் கறை இல்லாத நாள் கிடையாது. எவ்வளவு தேய்த்தாலும் சாயம் போகாது.

ஒரு மாரி காலத்தில் சாரனின் முன்பக்கத்தில் சிறு சிவப்புக் கறைகள் வரத் தொடங்கின. அவை கிணற்றுத் தண்ணீரில் அலசியதுமே போய்விட்டன. வேலை குறைந்தது என்று நான் மகிழ்ந்தேன்.

"இந்தச் சிவப்பு நிக்குதில்ல. சாயம் சரியில்ல போல," என்றேன்.

"ஓம் புள்ள, மாத்தணும்," என்றார்.

நான்கு மாதம் கழித்து அவருக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டது. மூத்திரப்பையில் கட்டி என்றார் டாக்டர். இந்தப் பக்கத்தில் அபூர்வமாகத்தான் அதைக் கண்டிருக்கிறாராம்.

"நோவில்லாம ரத்தம் போனாலும் உடனே வந்திருக்கணும். இப்ப பிந்திட்டுது," என்றார்.

வீடு திரும்பும்போது, ஏன் மறைத்தீர்கள் என்று கணவரிடம் கேட்டேன்.

"வெக்கம் புள்ள. நீ சாயமெண்டு சொன்னாய். எனக்கும் அது லேசாப் போச்சு."

அடுத்த நோன்புக்கு அவர் இல்லை.

தண்ணீரில் போவது சாயமல்ல என்று சாயக்காரரின் மனைவிக்குத் தெரியாதா? மாதந்தோறும் என் துணியில் அலசிய அதே கறையை அவர் சாரனில் நான் அடையாளம் காணவில்லை.