காசியம்மாள் திருப்பி அனுப்பிய முகமூடிகள்

ஒடுகத்தூர் பேருந்து நிலையத்தில் நின்றுகொண்டிருந்தபோது நான் முன்பு வேலை செய்த மலைக் கிடங்கிலிருந்து போன் வந்தது. காசியம்மாள் காலையில் நெஞ்சு வலிக்கிறது என்றாராம். மலையிலிருந்து கீழே கொண்டுவருவதற்குள் உயிர் பிரிந்துவிட்டதாம். நான் ஏற வேண்டிய பேருந்து என் கண்முன்னேயே கிளம்பிப் போனது.

ஜவ்வாது மலையில் எங்கள் சாமைக் கிடங்கில் வேலை செய்த எல்லோரும் அவரை அறிவார்கள். அறியாதவர்களுக்காக ஒன்று சொல்ல வேண்டும். மூட்டைகளில் வண்டு விழுந்தால், அடுக்கைத் தார்ப்பாயால் மூடி உள்ளே மாத்திரை வைப்போம். ஈரக்காற்று பட்டதும் அதிலிருந்து விஷவாயு கிளம்பும். வண்டைக் கொல்லும், மனிதரையும் கொல்லும். அந்த வேலைக்குப் பயிற்சி பெற்றுப் பொறுப்பில் இருந்தவர் அவர். நான் மேலாளர். இருவருக்கும் ஏறக்குறைய ஒரே வயது.

ஒரு வருடம் முகமூடிகளை நானே வாங்கினேன். வெள்ளை வெளேரென்று பெட்டி பெட்டியாக வந்து இறங்கின. அவர் ஒன்றை எடுத்துப் புரட்டிப் பார்த்தார். "இது தூசிக்கு சார். வாயுவ நிறுத்தாது" என்றார். எல்லாவற்றுக்கும் ஆகும் என்று கடைக்காரர் சொன்னதை நான் திருப்பிச் சொன்னேன். அவர் வாதாடவில்லை. பழுத்த பலாப்பழத்தைப் பிளந்து மேசைமேல் வைத்து, முகமூடியைப் போட்டுக்கொண்டு அதன்மேல் குனியச் சொன்னார்.

"வாசன வருதா சார்?"

நன்றாகவே வந்தது.

"இதுவே உள்ள வருதுன்னா, அது வராதா?"

பெட்டிகள் திரும்பிப் போயின. முகம் முழுவதையும் மூடுகிற, அந்த வாயுவுக்கென்றே வடிகட்டி டப்பா பொருத்திய முகமூடிகள் வர மூன்று வாரம் ஆனது. அதுவரை மாத்திரை போட அவர் கையெழுத்திடவில்லை. வண்டோ தின்றுகொண்டே இருந்தது. விவசாயிகள் வந்து சத்தம் போட்டார்கள். அவர்களில் அவருடைய சொந்த அண்ணனும் ஒருவர். சாமை போச்சுன்னா நீ இன்னா பண்ணுவே என்று எல்லோர் முன்னாலும் கேட்டார். காசியம்மாள் முகம் சுருங்கியது. ஆனால் குரல் மாறவில்லை. "ஆளு வூட்டுக்குத் திரும்பணும்ணே. சாமை அடுத்த வருசமும் வெளையும்."

நானும் என் பங்குக்கு, இந்த ஒரு தடவை மட்டும் போட்டுவிடலாமே என்று கேட்டேன்.

"சாவறதும் ஒரு தடவதான் சார்" என்றார்.

புதிய முகமூடிகள் வந்ததும் ஒவ்வொருவருக்கும் மாட்டிப் பலாச்சுளையை முகத்தருகே நீட்டினார். யாருக்கும் வாசனை தெரியவில்லை, என்னைத் தவிர. வேண்டுதலுக்காக நான் தாடி வளர்த்திருந்தேன். மயிரின் இடுக்கில் காற்று நுழையும் என்று விளக்கிவிட்டு, தாடி எடுக்கும்வரை வெளியே நிற்கச் சொன்னார். மேலாளரான நான் வெளியே நின்றேன்.

அன்று அவரும் இரண்டு தொழிலாளர்களும் உள்ளே போனார்கள். திடீரென்று மழை பிடித்தது. கூரை ஒழுகி, திறந்திருந்த மாத்திரைத் தட்டில் தண்ணீர் விழுந்து, வாயு குபுகுபுவென்று கிளம்பிவிட்டது. அவர் ஓடவில்லை. இருவர் கையையும் பிடித்துக்கொண்டு நடந்தே வெளியே வந்து, கதவைச் சாத்தினார். மூன்று பேரில் ஒருவர்கூட இருமவில்லை. சில நாள் கழித்து, காற்றாடவிட்டு, வாயு இல்லையென்று கருவி வைத்துப் பார்த்த பிறகு உள்ளே போனோம். அவர்கள் நின்றிருந்த இடத்திலேயே இரண்டு புறாக்கள் செத்துக் கிடந்தன. அவர் அவற்றை எடுத்துப் புதைக்கச் சொல்லிவிட்டு மூட்டைகளைப் பார்க்கப் போய்விட்டார். எப்பேர்ப்பட்ட மனுஷியை அவசரப்படுத்தினேன் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

இப்போது நான் அடிவாரத்தில் வேறொரு கிடங்கில் இருக்கிறேன். எத்தனை பேர் நெருக்கினாலும் "இன்னிக்கு வேணாம்" என்று சொல்ல முடிகிறது. அது அவரிடமிருந்து எனக்கு வந்தது, அதை வைத்துக்கொள்வேன். அவர் பொறுப்பில் இருந்த காலம் முழுவதும் அந்தக் கிடங்கிலிருந்து யாரையும் தூக்கிக்கொண்டு வந்ததில்லை. உள்ளே போன அத்தனை பேரும் நடந்தே வெளியே வந்தார்கள்.