குஸ்குஸில் போட்ட குழி

எண்பதுகளில் என் வீட்டுக்காரர் மல்லசமுத்திரத்தில் ரிக் வண்டி வைத்து ஆழ்துளைக் கிணற்றுக்குப் போர் போட்டுக்கொண்டிருந்தார். புது இயந்திரங்களின் கண்காட்சியைப் பார்க்க பாரிஸுக்குக் கிளம்பியவர் என்னையும் கூட்டிப் போனார். விமானத்தில் ஏறியது முதல் ஒரே பாட்டு.

"போற எடத்துல கையில பெசஞ்சு தின்னு என்ற மானத்த வாங்கீராத சாமி. கரண்டிதான், ஆமா."

"பாக்கலாமுங்க" என்றேன். எனக்குக் கரண்டி வராது. கோபம் நன்றாக வரும்.

ஊர் திரும்புவதற்கு முன்தினம், இயந்திரக் கம்பெனியின் வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்துப் போனார். அல்ஜீரியாவிலிருந்து வந்து குடியேறிய ஓர் அம்மாள் நடத்திய சின்ன ஓட்டல். சமையலும் அவரே. அதிகாரி நம்மைப் பட்டிக்காட்டான் என்று நினைத்துவிடக் கூடாதே என்று இவர் கோட்டை இழுத்து இழுத்து விட்டுக்கொண்டார்.

ஆவி பறக்கத் தட்டில் வந்தது குஸ்குஸ். கோதுமை ரவையில் தண்ணீர் தெளித்து, உருட்டி, ஆவியில் வேகவைப்பது. ராகிப் புட்டுக்கு நாம் பிசிறுகிற மாதிரிதான் என்று பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. குழம்பு தனியாக ஒரு பெரிய சட்டியில் மேசை நடுவே வந்தது. ஆட்டுக்கறி, கொண்டைக்கடலை, பூசணிக்காய். வாசத்திலேயே பசி இரண்டு மடங்காகிவிட்டது.

அதிகாரி தானே அள்ளி ஊற்றிக்கொண்டு ஆரம்பித்தார். நாங்கள் இருவரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம். விருந்துக்குப் போன இடத்தில் தானாக எடுத்துப் போட்டுக்கொள்கிறவனை எங்கள் பக்கம் என்னவென்று பேசுவார்கள்? யாராவது வந்து ஊற்றட்டும் என்று காத்திருந்தோம். அதிகாரி சட்டியைக் காட்டினார். இவர் தலையை ஆட்டிச் சிரித்தாரே தவிர அதைத் தொடவில்லை.

அடுப்படி வாசலில் நின்ற அந்த அம்மாளின் முகம் வாடிப்போயிற்று. சாப்பாடு பிடிக்கவில்லை என்று நினைத்துவிட்டார். ஆக்கிவைத்ததை ஆள் தொடாமல் இருந்தால் வயிறு எப்படி எரியும் என்று எனக்குத் தெரியும். மானமாவது மண்ணாவது! களிக்குப் போடுவதுபோல விரலால் தட்டின் நடுவே ஒரு குழி போட்டு, அவரைப் பார்த்துச் சட்டியைக் காட்டினேன்.

"கெடுத்தியே புள்ள" என்று இவர் பல்லைக் கடித்தார்.

அந்த அம்மாள் ஓடி வந்து குழி நிறைய ஊற்றினார். நான் பிசைந்து உருட்டி வாயில் போடப் போட, நிறுத்தாமல் சிரித்தார். என் தட்டு காலியாக விடவே இல்லை. இவரோ பக்கத்தில் கரண்டியால் கொறித்துக்கொண்டிருந்தார்.

சாப்பிட்டு முடித்ததும் பித்தளைக் கெண்டியும் தாம்பாளமுமாக வந்து, என் கையில் தண்ணீர் ஊற்றிக் கழுவிவிட்டார். அவர்கள் வீட்டு விருந்தாளிக்குச் செய்கிற மரியாதையாம் அது. "இத்தனை வருஷமாக வருகிறேன், எனக்கு ஒருநாளும் இதைச் செய்ததில்லை" என்றார் அதிகாரி. எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு ராணிகூட அப்படி நிமிர்ந்து உட்கார்ந்திருக்க மாட்டாள்.

அதிகாரி சொன்னதைக் கேட்டதும் இவரும் சட்டென்று கையை நீட்டினார். அந்த அம்மாளும் முகம் கோணாமல் ஊற்றினார்.

ஊருக்கு வந்து வருகிறவர்களிடமெல்லாம் இவர் சொன்ன கதை வேறு. "பாரிஸ்ல நாங்க கையிலதானுங்க சாப்ட்டோம். நமக்கென்னங்க வெக்கம்? கழுவறதுக்குத் தண்ணியே ஊத்துனாங்க!"

ஊற்றியது உண்மைதான். இவர் கையில் கழுவுவதற்குத்தான் ஒன்றுமே இல்லை.