கையெழுத்துக்குப் பிறகு பத்து நிமிடம்

வன்னியில் சண்டை முடிந்த கிழமை அது. இங்கே கனடாவில், ஸ்காபரோவில் ஒரு பேஸ்மென்டுக்கு வயரிங் செய்தேன். மின்சார இன்ஸ்பெக்டர் வரத் தேவையில்லை, செய்த வேலைக்கு நானே சான்று எழுதலாம் என்ற திட்டத்தில் அப்போதுதான் சேர்ந்திருந்தேன். அந்தப் பெருமை வேறு. காருக்குள் ரேடியோச் செய்தியைக் கேட்டபடி, ஒன்றையும் சோதிக்காமலே கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

மறுநாள் அங்கே குடியிருந்த அன்ரி போன் எடுத்தா. "தம்பி, பிரேக்கர் பெட்டிக்குள்ளை கருகின மணம் வருது."

ஓடிப்போனேன். பெட்டி சுட்டது. "அன்ரி, முழுக் கரண்டையும் நிப்பாட்டோணும்."

அவவின் கையில் கோட்லெஸ் போன் இருந்தது. "கரண்ட் இல்லாட்டி உது வேலை செய்யாதே. அங்கை முகாமிலயிருந்து மகன் போன் எடுப்பான் எண்டு மூண்டு நாளாக் காத்திருக்கிறன்."

"பிழை என்ர, அன்ரி. செக் பண்ணாமல் சைன் வைச்சிட்டன்."

அன்ரி என்னைப் பார்த்தா, பிறகு போனைப் பார்த்தா. "நிப்பாட்டும்."

ஒரேயொரு ஸ்குரூவை நான் இறுக்காமல் விட்டிருந்தேன். கருகிய வயரை மாற்றப் பத்து நிமிடம் எடுத்தது. அவ்வளவு நேரமும் அன்ரி செத்த போனைக் காதில் வைத்தபடி இருட்டில் நின்றா.

இன்றைக்கும் கையெழுத்துப் போட முதல் ஒவ்வொரு ஸ்குரூவையும் திரும்ப இறுக்கிப் பார்க்கிறேன். அந்தப் பத்து நிமிடத்துக்குள் அன்ரியின் மகன் போன் எடுத்தானா என்பது மட்டும் எனக்கு இன்னும் தெரியாது.